மீனுக்கு வரி இல்லை

பிப்ரவரி கடைசி. மினசோட்டாவின் வடகோடியில்
சலவைக் கடைக்கும் தூண்டில் கடைக்கும் நடுவே
என் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு ஹீட்டர்,
வரிக்கணக்கு எழுதித் தரப்படும் என்றொரு பலகை.

பூட்ஸில் ஒட்டிய பனியை
மிதியடியில் உதைத்து உதிர்த்துவிட்டு வந்தார்
ஆர்லன் ஹாபலா. பள்ளிக்கூடத் துப்புரவாளர்.
ஆண்டுச் சம்பளம் முப்பத்தோராயிரம் டாலர்.

சென்ற ஆண்டு, உறைந்த ஏரியின் மீன்பிடிப் போட்டியில்
எட்டாயிரம் பேர் எட்டாயிரம் துளைகளுக்கு மேல்
குனிந்திருந்தபோது
இவர் துளையில்தான் கடித்தது அந்த ட்ரவுட்.
ஒன்பது பவுண்டு, மூன்று அவுன்ஸ்.
முதல் பரிசு சிவப்பு பிக்கப் வண்டி.
விலை நாற்பத்தாறாயிரம்.

கொடுக்கிற தெய்வம்
கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள்.
பிய்ந்த கூரையை யார் வேய்வது என்று
யாரும் சொன்னதில்லை.
அதைச் சொல்வதுதான் என் பிழைப்பு.

"ஏறத்தாழ பத்தாயிரம்" என்றேன்.
ஹீட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"என் கைக்கு ஒரு டாலர்கூட வரலையே,
வந்தது வண்டிதானே?"
வண்டிக்கு விலை உண்டு. விலைக்குக் கணக்கு உண்டு.
"அண்ணன் எனக்குப் படகு கொடுத்தான்.
அதுக்கு யாரும் எதுவும் கேக்கலையே."
அண்ணனுக்கு உங்களைப் பிடிக்கும்.
போட்டி நடத்தியவர்களுக்கு
உங்கள் பெயரே மைக்கில் சரியாக வாயில் நுழையவில்லை.
"நான் சம்பாதிக்கலை. மீன்தான் தானா வந்துச்சு."
எப்படி வந்தது என்பதல்ல கேள்வி,
வந்ததா என்பதுதான்.

இதைச் சொல்லும்போதெல்லாம்
எனக்குப் பல் மருத்துவரின் குரல் வந்துவிடுகிறது.

மூலை நாற்காலியில் வெர்னா சால்மி காத்திருந்தாள்.
முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
படுக்கையில் புண் வராமல்
இரண்டு மணிக்கொரு முறை உடல்களைப் புரட்டிப் போடும் வேலை.
சோப்பும் குளிரும் வெடிக்கவைத்த விரல்களில் பிளாஸ்திரி.
மடியில் சம்பளச் சீட்டு. காலையிலேயே பார்த்திருந்தேன்:
ஓவர்டைம் சேர்த்து நாற்பத்தாறாயிரத்து இருநூறு.
வாராவாரம், கைக்கு வருமுன்பே
வரி பிடித்திருந்தார்கள்.

ஒருவர் கணக்கை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது.
அவளே சொன்னாள், சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி:
"உங்க வண்டி விலைதான் என் வருஷம்."

ஆர்லன் திரும்பினார்.
"எத்தனை ராத்திரி?"
"இருநூத்தி எண்பது இருக்கும்."
தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.
"நான் ஆறு மணி நேரம் வாளி மேல உட்கார்ந்திருந்தேன்.
அதுலயும் ஒரு மணி நேரம் தூங்கிட்டேன்."

அதற்குப் பிறகு வண்டிப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

எனக்கும் ஓர் எரிச்சல் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன்:
ஏரிக்கரையில் பெரிய வீடு வைத்திருப்பவர்கள்
நகரத்தில் வக்கீல் வைத்திருக்கிறார்கள்.
அவர்கள் மீன் மட்டும்
தராசில் ஏனோ எடை குறைவாகவே நிற்கிறது.

வண்டியை ஆறாம் நாளே விற்றாராம்.
டீலர் கொடுத்தது முப்பத்தெட்டாயிரம்.
பெரும்பகுதியில் வீட்டுக் கூரையை மாற்றினாராம்.
நிஜக் கூரை. உள்ளே பனி இறங்கிக்கொண்டிருந்ததாம்.
ரசீது இருந்தால் மதிப்பே முப்பத்தெட்டுதான் என்று
வாதாடிப் பார்க்கலாம் என்றேன்.
முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.
மிச்சத்துக்குத் தவணை.

மீனை எடை போட்டுப் படம் எடுத்து
துளை வழியே திரும்ப விட்டுவிட்டார்களாம்.
இரண்டடிப் பனிக்குக் கீழே, யாருக்கும் எதையும் காட்டாமல்
இன்னும் அங்கேதான் நீந்துகிறதோ என்னவோ.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவர்
கோட்டுப் பையில் துழாவி
ஈரத்தில் ஊறிக் காய்ந்த ஒரு சீட்டை மேசையில் வைத்தார்.
போட்டி நுழைவுக் கட்டணம், நாற்பது டாலர்.
பின்பக்கம் பென்சிலில்: புழு, ஆறு டாலர்.
"இதைக் கழிக்க முடியுமா?"

வெர்னாதான் முதலில் சிரித்தாள்.
நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
தடித்த புத்தகத்தைத் திறந்தேன்.